காட்டுக்கு அனுப்பினால் பிள்ளை திருந்துமா?

அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இனி ஊரில் இருக்க முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம். போதைக்குப் பழகி, படிப்பை விட்ட ஒரு பொடியனைச் சில வாரம் காட்டில் வைத்திருக்கிறார்கள். குச்சியைக் கடைந்து தீ மூட்டுகிறான், தானே சமைக்கிறான், பெற்றோர் எழுதிய கடிதத்தை வாசித்து அழுகிறான். வேறு ஆளாக வீடு திரும்புகிறான். உடனே நம்ம ஆட்கள் தொடங்கிவிட்டார்கள்: "நமக்கும் இப்படி ஒரு கேம்ப் வேணும், பள்ளி நிர்வாகம் செலவைப் பொறுப்பெடுக்கட்டும்."

ஐஸ் ஊரை நாசமாக்கும் கவலை எங்களுக்கும் உண்டு. வகுப்பில் வெறுங்கதிரையைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தானே. ஆனால் வீடியோ காட்டாததையும் சொல்ல வேண்டும்.

அங்கே பல பிள்ளைகள் விரும்பிப் போவதில்லை. பெற்றோர் காசு கொடுத்து அமர்த்திய, முன்பின் தெரியாத ஆட்கள் நடுச்சாமத்தில் வந்து கட்டிலிலிருந்து எழுப்பிக் கொண்டுபோவார்கள். 1994இல் அதே யூட்டாவில் 16 வயதுப் பொடியன் ஒருவன் வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனான். நடிக்கிறான் என்று விட்டுவிட்டார்கள், குடற்புண் வெடித்திருந்தது. 2024 பெப்ரவரியில் வட கரோலினாவில் 12 வயதுச் சிறுவன், வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அலாரம் பூட்டிய சிறு கூடாரத்துக்குள் மூச்சடைத்து இறந்தான். இப்படியான நிலையங்களை ஆராயச் சொல்லி அமெரிக்கா சட்டம் போட்டதே அந்த வருட டிசம்பரில்தான்.

காட்டில் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கை கொப்பளிக்கத் தீ மூட்டியவனுக்கு "என்னாலும் ஏலும்" என்று ஒரு நம்பிக்கை வரும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவன் திரும்பி வருவது அதே சந்திக்கு, அதே கூட்டாளிமாரிடம், முகம் பார்த்துப் பேசாத அதே வாப்பாவிடம். அவனை அழவைத்தது கடிதம் என்றால், அதை எழுத யூட்டா வரை போகணுமா?

கேம்ப் கேட்பவர்கள் வரும் கூட்டத்தில் பதில் சொல்லட்டும். டொக்டர் யார்? இரவில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார்? பிள்ளை நினைத்த நேரம் உம்மாவுடன் போனில் பேசலாமா? "ரெண்டு அடி போட்டால் சரிவரும்" என்று இப்போதே சிலர் எழுதுகிறார்கள், அவர்களா பயிற்சியாளர்கள்?

ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. 1926க்கு எடுத்தும் பேசலாம். அங்கே போனால் ஊர் பைத்தியம் என்று சொல்லுமாம்! போகத் தயங்கும் உம்மாமார் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.