மரத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, மனுஷிக்கு?

திருப்பூரில் இப்போது மரம்தான் பேச்சு. பனியன், ஜட்டி, லெகிங்ஸ் எல்லாம் மரக்கூழில் இருந்து எடுத்த இழையில் வருகிறது. விஸ்கோஸ், மோடல், லையோசெல் என்று பெயர்கள். உடம்புக்கு மென்மை, வியர்வையை உறிஞ்சும், மண்ணில் மட்கும், பருத்தியைப் போலப் பூச்சிமருந்து கேட்காது. "பசுமை ஆடை" என்று அட்டை தொங்குகிறது. வெளிநாட்டு பையர் கேட்கிறார், ஏற்றுமதியாளர் தருகிறார்.

இழையோடு எனக்குச் சண்டை இல்லை. அட்டையோடுதான் சண்டை. எந்த மரம், எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த நூலை நூற்றவள் யார், அவளுக்குக் கூலி எவ்வளவு என்று ஏன் எழுதுவதில்லை?

முதலில் அந்த "மரம்" என்ற சொல்லையே பிரித்துப் பார்ப்போம். விஸ்கோஸ் 1892இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. மரக்கூழைக் கரைக்க கார்பன் டை சல்ஃபைடு வேண்டும். அது நரம்பையும் இதயத்தையும் தின்னும், மனநிலையைக் குலைக்கும் விஷம். லையோசெல் வேறு. அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இது உண்மையான முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் இரண்டுமே "மரத்துணி" என்ற ஒரே பெயரில் விற்கிறது. நல்லதன் பெயரைச் சொல்லிக் கெட்டதையும் தள்ளிவிடலாம்.

நம் ஊருக்கு இது புதுக்கதையும் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் என்று ஓர் ஆலை இருந்தது. நீலகிரியின் புல்வெளிகளில் வனத்துறை வளர்த்த தைல மரமும் வாட்டில் மரமும் அங்கேதான் கூழானது. மலையில் புல்வெளி போனது. கீழே ஆலைக்கழிவு பவானியில் கலந்தது. பவானிசாகர் அணைக்கு மேலேதான் அந்த ஆலை. ஆற்றை நம்பியிருந்த மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். கடைசியில் ஆலை மூடப்பட்டது. அன்றைக்கும் அது மரத்தில் செய்த துணிதான். மரம் என்பதால் எதுவும் சுத்தமாகிவிடாது.

சரி, இழை நல்லதாகவே வரட்டும். அடுத்து அது எங்கே போகிறது? பருத்தி போன அதே நூற்பாலைக்கு. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் மர இழையில் குறையலாம். நம் பிள்ளைகளுக்கு அந்த அளவில் நல்லதுதான். ஆனால் இரவு ஷிப்ட்டும் ஹாஸ்டல் கேட்டும் மாறவில்லை. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசை காட்டி, மூன்று வருடம் பெண் பிள்ளைகளை ஆலைக்குள் அடைத்த "சுமங்கலித் திட்டம்" கொங்கு நூற்பாலைகளின் கண்டுபிடிப்பு. உள்ளே போனவர்களில் அருந்ததியர், பறையர், பள்ளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சேரிகளைக் கேட்டால் தெரியும்.

அடுத்து சாயம். மர இழைக்கும் சாயம் வேண்டும். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் நாசமாக்கிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் "பூஜ்யக் கழிவு" ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. இன்று அதையே திருப்பூரின் பெருமையாக மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பெருமைக்கு நடுவேதான், 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று தலித் தொழிலாளர்கள் விஷவாயுவில் செத்தார்கள். மனிதரை இப்படி இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆற்றுக்குப் போகும் கழிவு பூஜ்யம். தொட்டிக்குள் இறங்குகிற சாதி மட்டும் பூஜ்யமாகவில்லை.

"இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்பார்கள். நாங்கள் இழுக்கவில்லை, அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. கூலிக்கு வந்த கவுண்டர்கள் எப்படி முதலாளி ஆனார்கள் என்று ஷரத் சாரி 2004இல் ஒரு புத்தகமே எழுதினார். உழைப்பால் உயர்ந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. அதே பவர் டேபிளில் அதே உழைப்பை உழைத்த தலித்துகளில் எத்தனை பேருக்கு நூல் கடனுக்குக் கிடைத்தது, கட்டிங் ஆர்டர் கிடைத்தது, சொந்தக்காரன் ஜாமீன் கிடைத்தது?

"கண்டிஷன் போட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்" என்பது அடுத்த மிரட்டல். சாயப்பட்டறையை மூடச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள். திருப்பூர் செத்துவிட்டதா? சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், அரசு கைகொடுத்தது, இன்றைக்கு அதைக் காட்டியே ஆர்டர் வாங்குகிறார்கள். ஆற்றுக்காக முடிந்தது ஆளுக்காக முடியாதா?

முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஈஸ்ட்மேன் குழுமத்தின் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் "திண்டுக்கல் ஒப்பந்தம்" கையெழுத்தானது. ஈஸ்ட்மேனும், அதனிடம் துணி வாங்கிய எச் அண்ட் எம்மும் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. பாலியல் துன்புறுத்தலோடு சாதி ஒடுக்குமுறையையும் அந்த ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மீறினால் ஆலைக்கு வியாபார நஷ்டம். அட்டையில் அச்சடித்த வாக்குறுதி அல்ல அது, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதைப் பெற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

ஆகவே பசுமை பேசும் பையர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் கேட்பது இதுதான். எந்தக் காட்டு மரம் என்று சொல்கிற அட்டை, எந்த நூற்பாலை, எந்த சாயப்பட்டறை என்றும் சொல்லட்டும். திண்டுக்கல் போன்ற ஒப்பந்தம் எல்லா ஆலைக்கும் வரட்டும், ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கும் சங்கத்தில் சேரும் உரிமை இருக்கட்டும். தொட்டிக்குள் மனிதரை இறக்குகிற பட்டறையின் துணியை யாரும் "பசுமை" என்று விற்கக் கூடாது.

இதைச் செய்யாதவரை, எந்த மரத்தில் நெய்தாலும் அது பழைய துணிதான். புது அட்டை, பழைய சாதி.

ஜெய்பீம்.