ஜனத்தொகைக் கணக்கில் கூலிக்காரிக்கு இடம் எங்கே?

ராஜபாளையம் நகராட்சியில் 2001-ம் ஆண்டில் சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011-ல் 1 லட்சத்து 30 ஆயிரத்து 442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 73 ஆயிரத்துச் சொச்சம், 75 ஆயிரத்து 396 ஆயிற்று. அதாவது பத்தாண்டில் ராஜபாளையத்தில் கூடியது சுமார் 7 சதவிகிதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 3 சதவிகிதம். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15 சதவிகிதத்துக்கு மேல் கூடியது.

நூற்பாலைகளும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளும், கரும்பும் நெல்லும் உள்ள பகுதி இது. ஜனங்கள் எங்கே போனார்கள்? நகராட்சி எல்லைக்கு வெளியே, வாடகை குறைந்த ஊராட்சிகளில் குடியேறியவர்கள் ஒரு பகுதி. பிழைப்புத் தேடிப் போனவர்கள் இன்னொரு பகுதி. பனியன் தொழில் நடக்கும் திருப்பூரில் பழைய நகர எல்லைக்குள்ளேயே 3 லட்சத்து 44 ஆயிரம் பேர் இருந்தது, அதே பத்தாண்டில் 4 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. வேலை எங்கேயோ, ஜனமும் அங்கே.

உலகமெங்கும் இதுதான் கதை. அமெரிக்காவில் மோட்டார் கார் நகரமான டெட்ராய்ட்டில் 1950-ல் 18½ லட்சம் பேர். 2010-ல் மிஞ்சியது 7 லட்சத்து 13 ஆயிரம். ஆலைகள் மூடப்பட்டன, இடம் மாறின. வசதியுள்ள வெள்ளையர் புறநகர்களுக்குப் போனார்கள். போக வழியற்ற கறுப்பின உழைப்பாளிகளே நகரில் பெரும்பான்மையாக நின்றார்கள். 2013-ல் அந்நகராட்சியே திவாலாயிற்று.

ஆகவே ஜனத்தொகைக் கணக்கு வெறும் தலை எண்ணும் காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. உழைப்பாளி எங்கே துரத்தப்படுகிறான் என்பதை அது காட்டும். தமிழ்நாட்டில் 2001-ல் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிட்டவர்கள் 51 லட்சம். 2011-ல் 42 லட்சம். விவசாயக் கூலிகளோ 86 லட்சத்திலிருந்து 96 லட்சமானார்கள். நிலத்தை விட்டு இறங்கியவன் கூலிக்கு நின்றான். இதை மறுக்க எவராலும் முடியாது. சர்க்காரே எழுதிய கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கிலும் நாம் முழுதாக இல்லை. வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவரைக் கணக்கில் ‘குறு உழைப்பாளி’ என்று தனியே ஒதுக்குகிறார்கள். வேலை கிடைக்காதது கூலிக்காரன் குற்றமா? பெண்களின் நிலை இன்னும் மோசம். 2011-ல் ஒரு வாசலில் நாம் கண்டது இது. எண்ண வந்த ஆசிரியர், “வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்யுறாங்க?” என்று கேட்டார். “சும்மாதான் இருக்கா சார்” என்றார் கணவர். அந்த அம்மாள் அப்போது முழங்கால் சேற்றில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள்! ஒரு சொல்லில் ஒரு உழைப்பாளி கணக்கிலிருந்து மறைந்தாள்.

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 2025 ஜூன் 16-ந் தேதி அறிவிப்பு, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் குறித்தது. இந்தத் தாமதத்தின் நஷ்டம் யாருக்கு? 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலங்களுக்கு வரும் ரேஷன் தானியம், 2011 ஜனத்தொகையை வைத்தே அளக்கப்பட்டது. தமிழ்நாட்டில் எல்லா அரிசிக் கார்டுக்கும் அரிசி என்ற முறை இருப்பதால் நமக்கு அது உறைக்கவில்லை. நம்மோடு ஸ்பின்னிங்கில் நிற்கும் பீகார், ஒரிசாத் தொழிலாளியைக் கேளுங்கள். 2011-க்குப் பின் அவன் ஊரில் பெருகிய வயிறுகளுக்கு அந்த ஒதுக்கீட்டில் இடமில்லை. நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் வரும் நிதிக் குழு மானியமும் தலைக்கணக்கைப் பார்த்தே பங்கிடப்படுகிறது. எழுதப்படாத தலைக்குக் குடிதண்ணீர்க் குழாயும் வராது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? எண்ணுபவர் வாசலுக்கு வரும்போது, களையெடுப்பு, நடவு, தறி, தீப்பெட்டி, ஆடு மேய்ப்பு எதுவானாலும் பெண்கள் செய்யும் வேலையை வேலை என்றே சொல்லுங்கள். முடிந்தால் அவர்களே பதில் சொல்லட்டும். எத்தனை மாதம் வேலை கிடைத்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மில் விடுதியில் தங்கியுள்ள பெண்களையும், வெளி மாநிலத்தாரையும் அங்கேயே எண்ண விதி உண்டு; எண்ணினார்களா என்று கேளுங்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் இரண்டு இடத்திலும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பயம் வேண்டாம். நூலையும் நெல்லையும் கிராம் தவறாமல் நிறுத்து எடுத்துக்கொள்ளும் உலகம் இது. அதை உண்டாக்கிய கைகளையும் ஒன்று விடாமல் எண்ணச் செய்வோம்!