துபாஷி யாருடைய ஆள்?

துவிபாஷி என்னும் வடசொல் நம்மவர் நாவில் துபாஷியாயிற்று. இரண்டு பாஷை அறிந்தவன் என்பதே அதன் பொருளாயினும், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் வியாபாரம், ராஜதந்திரம், கவர்னரின் அந்தரங்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமந்த பெரும் உத்தியோகத்துக்கு அதுவே பெயராய் நின்றது. அதில் அமர்ந்தவர்களுள் ஆனந்தரங்கப் பிள்ளையை, 1736 முதல் 1761 வரை தமிழில் அவர் எழுதிவைத்த தினசரியின் புண்ணியத்தால் உலகம் அறியும்.

அவருக்கு மாமன் முறையான நயினியப்ப பிள்ளையின் வழக்கையோ நாம் மறந்துவிட்டோம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைத் தரகராயிருந்த அவரை 1716-ல் கவர்னர் எபேர் சிறையிலிட்டு விசாரித்தபோது, பிள்ளையிடம் நெடுநாள் விரோதம் பாராட்டிவந்த ஏசு சபைப் பாதிரிமாரின் உபதேசியாருடைய மகனே மொழிபெயர்ப்பாளனாய் நியமிக்கப்பட்டான். தமக்கு விளங்காத பிரெஞ்சு வாசகத்தின்கீழ்ச் சாட்சிகள் கையொப்பமிட்டார்கள் என்று பிள்ளையின் தரப்பார் பின்னர் முறையிட்டனர். கசையடியும் சொத்துப் பறிமுதலும் சிறைவாசமும் விதிக்கப்பட்ட அம்மனிதர் 1717-ல் சிறையிலேயே உயிர் நீத்தார். பிற்பாடு பிரான்ஸில் அத்தீர்ப்பு ரத்தாயிற்று. போன உயிருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அந்த மொழிபெயர்ப்பாளனுக்குப் பாஷை தெரியாதென்று எவரும் சொல்லவில்லை. அவன் எவருடைய ஆள் என்பதே கேள்வி.

இது பழங்கதையன்று. 1962 ஆகஸ்ட் 16-ல் இவ்வூர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னும், பாட்டனார் காலத்துப் பத்திரங்களும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் பிரெஞ்சிலேயே பெட்டிகளில் கிடக்கின்றன. மகனுக்கு வீட்டை எழுதிவைத்த தகப்பன், தன் ஆயுள் உள்ளமட்டும் அதில் வசிக்கவும் வாடகை வாங்கவும் உள்ள பாத்தியதையை ‘உஸுஃப்ருய்’ என்ற ஒரே சொல்லால் நிறுத்திக்கொள்வது பிரெஞ்சுச் சட்ட வழக்கம். அது வெறும் அனுபவ பாத்தியதை. அதை ‘உடைமை’ என்று ஒருவர் பெயர்த்துவிட்டால், பேரப்பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறவேண்டியதுதான். தவறு அறியாமையால் நேர்ந்ததா, கூலி கொடுத்தவரின் சௌகரியத்துக்காக நேர்ந்ததா என்பதை, பெயர்த்தவர் பெயரே இல்லாத காகிதத்திலிருந்து எந்த நீதிபதி கண்டுபிடிப்பார்?

ஆகவே, பெயர்த்தவர் தம் பெயரும் கையொப்பமும் இடாத, ஐயத்துக்கிடமான மூலச்சொல்லைப் பக்கத்தில் காட்டாத எந்த மொழிபெயர்ப்பையும் புதுச்சேரியின் பதிவு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஏற்காதிருக்கவேண்டும். அவருடைய கூலியையும் கட்சிக்காரர் கையிலிருந்து வாங்கவிடாமல் சர்க்காரே கொடுக்கட்டும்.