முடிச்சிட்டம் ரீச்சர்

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் இந்தக் கிழமை வந்து போனது. மாலை போட்டார்கள், வாழ்த்து மடல் வாசித்தார்கள், சிறிய வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் ஓய்வறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து கதைத்ததெல்லாம் ஒரே விஷயம், பிரம்பு. "கையில பிரம்பு இருந்த காலத்தில ஒருத்தன் இப்பிடி முகத்துக்கு முன்னால கதைப்பானே?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்க, இளம் ஆசிரியர்கள் உட்படப் பலர் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்த எரிச்சல் ஆறவில்லை. ஆறாமலேதான் இதை எழுதுகிறேன்.

பிரம்பைப் பற்றி என் எண்ணம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. 2017இல் தென்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் காதில் அறைந்ததால் ஒரு மாணவனின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பு வழங்கி, அரசு 5 இலட்சமும் ஆசிரியர் 150,000 ரூபாயும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பிரம்பைத் திருப்பிக் கேட்பது எங்கள் தொழிலுக்கு அழகல்ல. அடிக்குப் பயந்து எழுந்து நிற்கிற பிள்ளை மதித்து எழுந்து நிற்கவில்லை. பிரம்பு எடுக்கப்பட்டதால் போன மரியாதை என்று ஒன்று இருந்தால், அது முதலிலேயே மரியாதையாக இருந்திருக்க முடியாது.

ஆனால் ஓய்வறையில் கேட்ட அந்தக் கவலை பொய்யில்லை. அது எனக்கும் உண்டு. பத்தாம் ஆண்டு வகுப்பில் இதயத்தின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் கொப்பி திறக்கவில்லை. கடைசி வாங்கில் ஒரு பிள்ளை மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தான். எழுப்பினேன். எழும்பவில்லை, தலையை மட்டும் நிமிர்த்தினான்.

"ஏன் ராசா கீறேல்லை?"

"இது ரியூசனில முடிச்சிட்டம் ரீச்சர்."

"எப்ப?"

"போன மாதம். பாஸ்பேப்பரும் செய்தாச்சு."

திரும்பவும் தலையை மேசையில் வைத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. என் பாடவேளை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்காக முதல் நாள் இரவு இருந்து ஆயத்தம் செய்தவள் நான்.

சரி, முடித்ததைக் காட்டுங்கள் என்று கொப்பிகளை வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் இதயம் இருந்தது. வர்ணப் பென்சிலால் சிவப்பும் நீலமும் அழகாகத் தீட்டியிருந்தார்கள். ஆனால் வலது இதயவறையிலிருந்து மேலே போகிற குழாய்க்கு ஒரு கொப்பி விடாமல் 'சுவாசப்பை நாளம்' என்று பெயரிட்டிருந்தார்கள். அது நாடி. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுபோவது நாடி, உள்ளே கொண்டுவருவது நாளம். இதை ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். ஒருவருக்குக்கூட அங்கே சந்தேகம் வரவில்லை. முக்கூர் வால்வில் ஓர் எழுத்துப் பிழை, அதுவும் எல்லாவற்றிலும் அதே இடத்தில். அச்சடித்துக் கொடுத்த ஒரு ரியூட்டிலிருந்து எல்லோரும் பார்த்து இறக்கியிருக்கிறார்கள். கை வேலை செய்திருக்கிறது, தலை செய்யவில்லை. பிழையைச் சொன்னபோது ஒரு பிள்ளை சொன்னது: "சேர் தந்ததைத்தான் ரீச்சர் கீறினனாங்கள். அது சரியாத்தான் இருக்கும்."

இந்தப் பிள்ளைகளை நான் சோம்பேறிகள் என்று சொல்லமாட்டேன். விடிய ஐந்தரைக்கு மானிப்பாய்ச் சந்தியால் போய்ப் பாருங்கள். இருட்டோடு சைக்கிள்கள் போகும், பொம்பிளைப் பிள்ளைகளோடு தாய்மார் பின்னால் ஸ்கூட்டியில் போவார்கள். பாடசாலைக்கு முன் ஒரு வகுப்பு, விட்ட பிறகு இரண்டு, சனி ஞாயிறில் முழுநாள். உயர்தரத்துக்குப் போனால் இன்னும் மோசம். பரீட்சைக்குத் தோற்ற எண்பது வீத வரவு வேண்டும் என்பதற்காக மட்டுமே பாடசாலைப் படலை திறந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நித்திரை கொள்ள அந்தப் பிள்ளைக்கு என் மேசையை விட வேறு இடமில்லை. உழைப்புக் குறைவு என்று ஓய்வறையில் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் பிள்ளையின் சொந்தம் என்று ஒரு வரிகூட இல்லை. எவரோ சுருக்கியதை எவரோ அச்சடிக்க, பிள்ளை பாடமாக்குகிறது.

பிரம்பையும் ரியூசனையும் இந்த இடத்தில் விட்டுவிடுகிறேன். கொப்பிகளைத் திருத்தி முடித்த இரவு நான் கையில் எடுத்தது கவிஞர் அம்பி 1967இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு'. மறுபடியும் கிறீனா என்று பழைய வாசகர்கள் கேட்பார்கள். ஆம், மறுபடியும்தான். மானிப்பாயில் இருந்துகொண்டு படிப்பித்தல் பற்றி எழுதுகிற ஒருத்திக்கு அந்த மனிதரைச் சுற்றிப் போக வழியில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக உழைத்த அன்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன். தம்பி 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் குடியேறி, நோயாளரைப் பார்த்தபடியே பெடியளைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். அவர் பெயரில் நிற்கிற ஆஸ்பத்திரியைத் தினமும் தாண்டிப் போகிறோம். அங்கே ஒரு வகுப்பறை இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். வந்த மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றவர்கள். படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியூருக்கும் போக, கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். இன்று நாங்கள் ஓய்வறையில் சொல்கிற குறையை அன்று அவரும் சொல்லியிருக்கலாம்: நன்றியில்லாத பிள்ளைகள், சம்பளத்துக்குப் படிக்கிற பிள்ளைகள். மிஷன் அப்படித்தான் நினைத்தது. ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலப் படிப்புப் பிள்ளைகளை உத்தியோகம் தேடுகிறவர்களாக்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிள்ளைகளில் குறை கண்டு பள்ளிக்கூடத்தையே பூட்டினார்கள். அடுத்து நடந்ததையும் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது தேறிய முதல் இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தை இவ்வளவு அவசரமாகக் கைவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது.

கிறீன் பூட்டவில்லை, திரும்பினார். 1857இல் ஊருக்குப் போனவர் 1862இல் மறுபடி வந்து, 1864 முதல் வைத்தியத்தைத் தமிழில் படிப்பிப்பதென்று முடிவெடுத்தார். புத்தகம் வேண்டும். அவர் போவதற்கு முன்பே எழுதியவை சில இருந்தன, 1857இல் வந்த பிரசவ வைத்தியம் அவற்றில் ஒன்று. வகுப்புக்கு அது போதாது. அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை அன்றிரவு நித்திரை கொள்ள விடவில்லை. புத்தகம் ஆக்குகிற வேலையை மாணவர்கள் கையில் கொடுத்தார். டான்போர்த், சாப்மன், பவுல் என்ற பெயர்களைக் கேட்டால் வெள்ளைக்காரர் என்று தோன்றும். அவர்கள் எங்கள் ஊர்ப் பெடியள், மிஷன் பள்ளிகளில் வைத்த பெயர்கள் அவை. அவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் வரி வரியாகத் திருத்தினார்.

1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. லண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல் தமிழில் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்'. இவற்றை எழுதியவர்கள் என் கடைசி வாங்குப் பிள்ளையை விட ஒரு பத்து வயது மூத்தவர்களாக இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். நாடியையும் நாளத்தையும் அவர்கள் மாறி எழுதியிருக்க முடியாது. மாறினால் அடுத்து வருகிற மாணவன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஒரு மனிதரின் உடம்பில் கத்தி வைப்பான். தான் செய்கிற வேலையில் இன்னொருவரின் உயிர் தங்கியிருக்கிறது என்று தெரிந்த பிள்ளை மேசையில் படுக்காது. அப்படி ஒரு வேலையை நாங்கள் எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததே இல்லை. வினாவும் எங்களுடையது, விடையும் எங்களுடையது. நடுவில் பிள்ளைக்கு இருப்பது பேனை மட்டும்.

1873இல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் அந்தத் தமிழ் வேலையை நிறுத்தவில்லை. இங்கே எழுதிய தாள்கள் கடல் கடந்து வூஸ்டருக்குப் போயின, அவர் திருத்தி அனுப்பினார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். பத்து ஆண்டுகளாக, பூமியின் மறுபக்கத்திலிருந்து, தன் பிள்ளைகள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தத் தொகையை விட அந்தத் தாள்கள் பெரிது. மரியாதை எங்கே இருந்து வருகிறது என்று ஓய்வறையில் யாராவது என்னைக் கேட்டால் அந்தத் தாள்களைத்தான் காட்டுவேன். மாணவன் எழுதிய ஒரு வரியை, திருத்தத் தகுந்த வரி என்று ஓர் ஆசிரியர் கடைசிவரை மதித்தார்.

இந்தச் சமயத்தில் எனக்குக் கிடைக்கிற பதில் தெரியும். "ரீச்சர், உங்களுக்குப் பாடத்திட்டம் முடிக்கவேணும், வலயத்திலயிருந்து ஆள் வருவினம், பெறுபேறு குறைஞ்சா அதிபர் கூப்பிடுவார்." எல்லாம் உண்மை. நாற்பது பிள்ளைகளை நாற்பது நிமிடத்தில் வைத்துக்கொண்டு கிறீன் ஆக முடியாது. ஆனால் ஒரு தவணையில் ஒரு வேலை, பிள்ளையின் கையால், எந்த ரியூட்டிலும் இல்லாத ஒரு வேலை. அதற்கு நேரமில்லை என்று சொல்கிற பாடத்திட்டத்தோடு நான் சண்டை பிடிக்கத் தயார்.

எங்கள் பத்தாம் ஆண்டுக்கு நான் தீர்மானித்திருப்பது இது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குருதிச் சுற்றோட்டத்தை விளங்கப்படுத்த ஒரு சிறு கைந்நூல், படத்தோடு, இவர்களே எழுதவேண்டும். நான் திருத்துவேன். பிழை இருந்தால் திரும்பிப் போகும். அது ஆறாம் ஆண்டு வகுப்பறையில் உண்மையாகவே பாவிக்கப்படும், இவர்களுடைய பெயர்களோடு. சொன்னபோது வகுப்பில் ஒருவரும் கைதட்டவில்லை. "மார்க்ஸ் உண்டே ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை என்றேன்.

வாசகர்களிடம் ஒரு கேள்வி. மானிப்பாயிலும் சுற்றூர்களிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் பரண்களிலும் கிறீன் காலத்து வைத்திய நூல்களின் பழைய பிரதி இன்னும் இருக்கிறதா? பரியாரிமார் குடும்பங்கள் சிலவற்றில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். 'மனுஷ அங்காதிபாதம்' யாரிடமாவது இருந்தால், விலைக்கு வேண்டாம், இரவலும் வேண்டாம். ஒரு பாடவேளைக்கு நீங்களே கொண்டுவந்து, நீங்களே பக்கத்தில் இருந்து, இதயத்தைப் பற்றிய பக்கத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும். தவணை முடிய இன்னும் கிழமைகள் இருக்கின்றன.