எண்ணெய் இல்லைங்க, எம்.ஆர்.ஐ.!

போன வாரம் கேன்டீனில் ‘லோரன்ஸோஸ் ஆயில்’ படத்தைப் பற்றிப் பேச்சு. 1992-ல் வந்த படம். "பெத்தவங்க பாசம் இருந்தா மருந்தே கண்டுபிடிக்கலாம்டா" என்று நண்பன் உருகினான். நானும் அந்தப் படம் பார்த்து அழுத ஆள்தான். ஆனால் அந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏ.எல்.டி. என்பது பரம்பரை நோய். சிலவகை நீளமான கொழுப்பு அமிலங்களை உடைக்க முடியாமல் அவை உடம்பில் சேரும். சில பையன்களுக்கு மூளையின் வெள்ளைப் பகுதியே அழிய ஆரம்பிக்கும். படத்தில் வரும் எண்ணெய் ரத்தத்தில் அந்த அமிலத்தைக் குறைக்கும், உண்மை. மூளையில் ஆரம்பித்த அழிவை நிறுத்தாது. கணக்குப் புத்தகம் டேலி ஆகும், கல்லாவில் காசு இருக்காது!

நிறுத்தக்கூடியது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. அதுவும் ஆரம்பத்திலேயே செய்தால்தான். அந்த ஆரம்பம் வெளியே தெரியாது. பையன் ஓடி விளையாடிக்கொண்டிருப்பான், எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் மூளையின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். இதற்கு 34 மார்க்கில் லோஸ் ஸ்கோர் போடுகிறார்கள், 1994-ல் வந்த முறை. நம்ம பரீட்சைக்குத் தலைகீழ், பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ். 9-ஐத் தாண்டிவிட்டால் சிகிச்சையின் பலன் வெகுவாகக் குறைகிறது. "கவனம் இல்ல, எழுத்து கோணுது" என்று டீச்சர் சொல்லும்போது பல பையன்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் முன்கூட்டியே மாற்று சிகிச்சை செய்துவிடலாமே? முடியாது. அந்தச் சிகிச்சையே உயிருக்கு ஆபத்து. சிறுவயதில் மூளை பாதிக்கப்படுவது சுமார் மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்குத்தான். யாருக்கு என்று ஜீனும் சொல்லாது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே மாறும். அதனால்தான் 3 வயதிலிருந்து 12 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

யாருக்கு ஸ்கேன் எடுப்பது என்று தெரிய, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் போதும். நியூயார்க் மாநிலம் 2013 கடைசியில் ஆரம்பித்தது. நெதர்லாந்து 2023-ல் எல்லா ஆண் குழந்தைகளுக்கும் கொண்டுவந்தது. இது இல்லாத இடங்களில் பெரும்பாலும் மூத்தவன் படுத்த பிறகுதான் இளையவனைச் சோதிக்கிறார்கள்.

"வராமலே போகக்கூடிய நோயைச் சொல்லி ஏன் பெத்தவங்களைப் பயமுறுத்தணும்?" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே நோய் அட்ரினல் சுரப்பியையும் பழுதாக்கும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. யாருக்குத் தர வேண்டும் என்று தெரிந்தால்தானே தர முடியும்?