நூலுக்கு உள்ள கவனிப்பு பிள்ளைக்கு இல்லையா?

சித்திரை மாதம். மம்சாபுரத்தில் இரவு பத்து மணி. தெருவில் வெக்கை தணிந்துவிட்டது. ஆனால் புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டுக்குள் கால் வைத்தால், அடுப்படியில் நிற்பதுபோல் இருக்கிறது. மின்விசிறி சுழல்கிறது. மேலே உள்ள சூட்டைத்தான் அது கீழே தள்ளுகிறது. தொட்டிலில் குழந்தை புரண்டு அழுகிறது. தாய் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

கடன் வாங்கிக் கட்டிய வீடு! அதில் படுக்க முடியவில்லை. ஏன்?

தலைக்கு மேல் இருக்கும் தளம்தான் காரணம். பகல் முழுவதும் வெயில் அதன் மேல் விழுகிறது. காங்கிரீட் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அது உள்பக்கம் இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உச்சி வெயிலின் சூடு மாலையில் வீட்டுக்குள் வருகிறது. இரவிலும் விடுவதில்லை.

பழைய பனையோலைக் கூரையில் இந்தத் தொல்லை இல்லை. ஓலைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கும். சூடு எளிதில் கீழே வராது. அதற்காகக் குடிசைக்குத் திரும்பிப் போகச் சொல்வது தகாது. குடிசை தீப்பிடிக்கும், ஒழுகும், பாம்பு வரும். காங்கிரீட் வீடு ஏழைக்கு ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தோடு தூக்கமும் கிடைக்கவேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

மில்லில் ஒரு நியாயம்

மம்சாபுரத்துக்குப் பக்கத்தில்தான் ராஜபாளையம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். நூற்பு மில்லுக்குள் காற்றின் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ஓயாமல் அளக்கிறார்கள். ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும். அதற்காகவே பெரிய யந்திரங்கள் ஈரக் காற்றை ஊதிக்கொண்டிருக்கின்றன.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளியையும் மறக்கவில்லை. ஆலையின் சுவரும் கூரையும் உள்ளே சூடு ஏறாதபடி அமையவேண்டும் என்றது. வெள்ளையடிப்பது, இரட்டைக் கூரை போடுவது போன்ற வழிகளையும் அதுவே சொன்னது.

அந்தத் தொழிலாளி 8 மணி நேரம் மில்லில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தபின்? அங்கே சூட்டை அளப்பவர் யார்?

வீடுகளுக்கென்று 2018-ல் மத்திய அரசு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு சூடு உள்ளே வரலாம் என்று அது கணக்குச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்காக அது எழுதப்பட்டது. அதாவது 12 சென்ட்டுக்கு மேல்! ஒன்றரை சென்ட்டிலும் இரண்டு சென்ட்டிலும் வீடு கட்டியவர்களுக்கு அது எட்டாத சங்கதி.

எது சுகம்?

எவ்வளவு சூடு வரை உடம்புக்குச் சுகம்? டென்மார்க் பேராசிரியர் ஃபாங்கர் 1970-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றார். ஏ.சி. கட்டிடங்கள் கட்டுவோர் அவர் கணக்கைப் பின்பற்றினார்கள். ஆனால் வெயில் நாட்டு உடம்பு வேறு அல்லவா? ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையத்தின் சர்மாவும் அலியும் இந்தியர்களைக் கொண்டே ஆராய்ந்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 25 முதல் 30 டிகிரி வரை இந்தியருக்குச் சுகமே என்றார்கள்.

ஆகவே ஏ.சி.தான் வழி என்பதில்லை. உடம்பில் காற்றுப் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். கூரைச் சூட்டைத் தடுத்துவிட்டால், பெரும்பாலான நாட்களில் விசிறியே போதும். அதிலும் பழைய விசிறி 75 வாட் மின்சாரம் தின்னும். புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும்.

பொங்கல் வெள்ளை

கூரைச் சூட்டைத் தடுப்பது எப்படி? தளத்துக்கு வெள்ளையடிக்கவேண்டும். வெறும் காங்கிரீட் தளம் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். புதிதாக வெள்ளையடித்த தளம் பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆமதாபாத் நகரம் 2017-ல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தெலுங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது.

பொங்கல் வந்தால் எல்லா வீட்டுச் சுவருக்கும் வெள்ளை உண்டு. மாடிக்கு மட்டும் இல்லை. மாடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பு. சூரியன் பார்க்கிறதே!

தையைவிடப் பொருத்தமான மாதம் வேறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். கோடை இன்னும் வந்திராது. சுவருக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது மாடிக்கும் சேர்த்துக் கரைத்தால் முடிந்தது. மழையில் சுண்ணாம்பு கரைந்துபோகும் என்பார்கள். உண்மைதான். பொங்கலும் ஆண்டுதோறும்தானே வருகிறது!

மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவருக்கு ஒரு வேப்பமரம் நிழல் தந்தால் இன்னும் நல்லது. இடம் இருப்பவர்கள் வைக்கலாம்.

எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் சரியல்ல. கிராமங்களில் குடிசைகளை மாற்றத் தமிழக அரசு 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 360 சதுர அடி வீட்டுக்கு 3½ லட்ச ரூபாய். இப்படி அரசுப் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டிலும் தளத்துக்கு வெள்ளைப் பூச்சைக் கட்டாயமாக்கவேண்டும். கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போட வரும் அதிகாரி, முதலில் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்கட்டும்.