குறுக்குவலிக்கு ஒரு மின்கருவி

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் காலையில் பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிகிற பெண், நன்றாக நிமிர்வது பொழுது சாயும்போதுதான். இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால்தான் கூலிக் கணக்கு. தாமிரபரணிக் கரையில் இடுப்பைக் 'குறுக்கு' என்பார்கள். குறுக்குவலி பற்றிய பேச்சு இல்லாத பீடித்தெரு ஏது?

தீராத வலிக்குத் தண்டுவடத்தில் மின்கருவி பொருத்தும் சிகிச்சை இப்போது நம் பெருநகர மருத்துவமனைகளில் கிடைக்கிறது. செலவு பல லட்சம்.

முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுவுணர்வு முந்திக்கொண்டால் வலி மூளைக்குப் போகும் கதவு தண்டுவடத்திலேயே சாத்திக்கொள்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். அந்தக் கதவை மின்சாரத்தால் சாத்த முடியுமா என்று, இரண்டே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி ஒரு புற்றுநோயாளிக்கு மின்முனை பொருத்திப் பார்த்தார். இன்றைய கருவியில் மெல்லிய கம்பி தண்டுவட உறைக்கு வெளியே படுத்திருக்கும். பேட்டரி இடுப்புத் தோலுக்கடியில். முதலில் ஒரு வாரம்போல பேட்டரியை வெளியே வைத்துச் சோதிப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவது வழக்கம்.

அறுவைக்குப் பிறகும் கால் வலி தீராதவர்கள், சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்கள் சிலருக்கு இது கைகொடுக்கிறது. ஆனால் முதுகறுவைக்குப் பின் கால் வலியால் அவதிப்பட்ட 50 பேரிடம் நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கருவி ஓடிய காலத்துக்கும் ஓடாத காலத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. இடுப்புவலிக்கு இதனால் பெரும்பாலும் நீடித்த பலன் இருக்காது என்றே 2023இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சொன்னது. கருவி விற்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இன்னொன்று. கம்பி நகராமலிருக்க, பொருத்திய பிறகு சில வாரம் குனியாதே, உடம்பை முறுக்காதே என்பார்கள். குனியாமல் எப்படிப் பீடி சுற்றுவது?

குனிந்து குனிந்தே வந்த வலிக்கு முதல் பணம் வேறிடத்தில் விழ வேண்டும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. இதுபோன்ற நலத்திட்டங்களுக்கென 1976 சட்டப்படி பீடிமீது வசூலான தீர்வை, ஜிஎஸ்டி வந்த 2017இல் நின்றுபோனது. அதற்கு ஈடான பணத்தை ஒதுக்கி, அங்கே வாரம் இரண்டு நாளாவது வலிக்கென்றே மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் உட்காரட்டும். சாய்ந்து உட்கார ஒரு முதுகுப்பலகை, தட்டை உயர்த்தி வைக்க ஒரு மணை: இரண்டையும் தச்சரே செய்து தந்துவிடுவார்.